தோட்டத்தில் கிடந்த இறகு எந்தப் பறவையுடையது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு காலை, எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஓர் இறகு கிடந்தது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். கரும்பழுப்பு நிறம், அடியிலிருந்து நுனிவரை நெருக்கமாக வெளிர்நிறக் குறுக்குக் கோடுகள். பார்த்தவுடன் வல்லூறு என்று முடிவு கட்டிவிட்டேன். கோழிக்குஞ்சு வளர்க்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், குஞ்சுகளைக் கொஞ்ச நாளைக்குக் கூடையிலேயே கவிழ்த்து வையுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அதே மரத்தில் வேப்பம்பழம் தின்றுகொண்டிருந்த பெண்குயில் வாலை விரித்தது. அதே கோடுகள், அதே பழுப்பு. ஆண்குயில் கறுப்பு, பெண்குயில் புள்ளியும் கோடுமாக இருக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இறகைக் கையில் எடுத்தபோது நிறத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

புதிதாக இறகு பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். "இது எந்தப் பறவை?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அதற்கு முன்னால் "இது உடம்பில் எந்த இடத்து இறகு?" என்று கேளுங்கள். அந்தப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிறத்துக்குக் கடைசியில் வரலாம்.

தொடுவதற்கு முன்

கிடக்கிற நிலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தலையைத் தூக்கி மேலே பாருங்கள். எந்த மரம், கிளையில் கூடு இருக்கிறதா, கீழே எச்சம் விழுந்திருக்கிறதா, மின்கம்பி போகிறதா என்பதெல்லாம் பிறகு கைகொடுக்கும். தேதியையும் குறித்து வையுங்கள். வலசை வரும் பறவைகள் சில மாதங்கள்தான் நம் ஊரில் இருக்கும் என்பதால், தேதியை வைத்தே சில பெயர்களை அடித்துவிடலாம்.

வெறும் கையால் எடுக்க வேண்டாம். கையுறை இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழி இறகால் காது குடைகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. கண்டெடுத்த இறகால் அதைச் செய்யவே கூடாது. பறவையே செத்துக் கிடந்தால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவை கிடந்தால், தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருக்கும் சமயத்தில் இறகு ஆராய்ச்சியெல்லாம் பிறகுதான்.

ஒன்றா, குவியலா?

ஒற்றை இறகு என்றால் பெரும்பாலும் பறவை தானாக உதிர்த்தது. பழைய இறகு தேய்ந்துபோனதும் அது விழுந்து புதியது முளைக்கும். பெரும்பாலான பறவைகள் சிறகின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, ஒரே வரிசையில் உதிர்க்கும். பறக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா. தானாக உதிர்ந்த இறகின் அடிக்குழல் சுத்தமாக, காய்ந்து, உள்ளே வெற்றாக இருக்கும்.

ஒரே இடத்தில் கைப்பிடி இறகுகள் சிதறிக் கிடந்தால் அங்கே ஒரு வேட்டை நடந்திருக்கிறது. நான்கைந்து இறகுகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். தண்டு பாதியில் கடிபட்டு முறிந்திருந்தால், இறகுகள் எச்சிலில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால், பூனையோ கீரியோ செய்த வேலை. குழல் முழுசாக இருந்து, தண்டின் மேல் அலகு அழுத்திய தடமோ சிறு மடிப்போ தெரிந்தால், வல்லூறு போன்ற பறவை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டிருக்கிறது. இப்படிக் கிடக்கும் குவியல், பார்க்க மனம் கனத்தாலும், புதியவர்களுக்கு மிகவும் உதவியானது. ஒரே பறவையின் சிறகு, வால், மார்பு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால் குழப்பமே இருக்காது. ஒருமுறை ஒரு நண்பர் வீட்டுக் கொல்லையில் பச்சை, மினுங்கும் நீலம், ரத்தச் சிவப்பு, சந்தன நிறம் எல்லாம் ஒரே குவியலில் கிடந்தன. கார்த்திகை மாதம். பூனை பிடித்த ஆறுமணிக்குருவி அது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, புதர் நிழலில் சருகைக் கிளறித் திரியும் பறவை. அதற்குத் தோட்டக்கள்ளன் என்றும் பெயர்.

உடம்பில் எந்த இடம்?

இறகைத் தென்னங்கீற்றாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மட்டை மாதிரி ஒரு தண்டு, அதன் இரண்டு பக்கமும் ஓலை மாதிரி வரிசையாக இழைகள். தண்டின் அடியில் தோலுக்குள் புதைந்திருந்த பகுதி வெற்றுக் குழல். இழைகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. அவைதான் ஓர் இழையை அடுத்ததோடு பூட்டிவைத்திருக்கும். கலைந்துபோன இறகை அடியிலிருந்து நுனிப் பக்கமாக விரல்களுக்கிடையே மெல்ல நீவிவிட்டால் பிளவுகள் வெல்க்ரோ மாதிரி ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். மழையில் நனைந்து சேறான இறகு என்றால் வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து நீவுங்கள். உருவம் திரும்ப வந்துவிடும்.

சரி, இப்போது தண்டு நடுவில் ஓடுகிறதா, ஒதுங்கி ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த வேலையில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு பக்க இழை குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருந்தால் அது சிறகின் வெளிமுனை இறகு. குறுகின பக்கம்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன்பக்கம். விறைப்பாக இருக்கும். இடச்சிறகா வலச்சிறகா என்றுகூடச் சொல்லிவிடலாம். தண்டில் நீளவாக்கில் பள்ளம் ஓடுகிற பக்கம் அடிப்பக்கம். அதைக் கீழே வைத்து, குழலை உங்கள் பக்கமாகவும் நுனி எதிர்ப்பக்கமாகவும் இருக்கும்படி பிடியுங்கள். குறுகின பக்கம் வலப்புறம் வந்தால் இடச்சிறகு, இடப்புறம் வந்தால் வலச்சிறகு. குழந்தைகளுக்கு இதைச் செய்துகாட்டினால் அன்று முழுக்க வேறு எதுவும் பேச மாட்டார்கள்.

இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக, இறகு லேசாக வளைந்து, நுனி மழுங்கியிருந்தால் சிறகின் உள்பகுதி இறகு. நேராக, தண்டு நட்ட நடுவில் ஓடினால் வாலின் நடு இறகு. வாலின் ஓரத்து இறகுகளில் தண்டு சற்று ஒதுங்கியிருக்கும். ஆனால் சிறகு இறகு மாதிரி வளைவு இருக்காது. பெரும்பாலான பறவைகளுக்கு வாலில் 12 இறகு. குயிலுக்கும் செம்போத்துக்கும் 10. மயிலுக்கு 20. தோகை என்று நாம் சொல்கிற நீண்ட பீலிகள் வால் இறகே கிடையாது, வாலுக்கு மேலே முதுகின் அடியில் முளைக்கிறவை. அந்தத் தோகையைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துகிற பழுப்பு இறகுகள்தான் உண்மையான வால்.

சிறியதாக, மேல்பாதி இழை பூட்டி, அடிப்பாதி பஞ்சாக இருந்தால் உடம்பைப் போர்த்தும் இறகு. முழுக்கப் பஞ்சாக இருந்தால் உள்தூவி. இவற்றை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது கடினம். புதியவர்கள் இதில் மல்லுக்கட்ட வேண்டாம், பக்கத்தில் பெரிய இறகு ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுவதே நல்லது. ஆனால் அந்தப் பஞ்சை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். 1960 அக்டோபர் 4ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்தில் புறப்பட்ட ஒரு விமானம் உடனேயே விழுந்து 62 பேர் இறந்தார்கள். இயந்திரங்களில் சிக்கியிருந்த இறகு மிச்சங்களை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணி அவற்றை ஆராய்ந்து, அவை ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவையின் இறகுகள் என்று சொன்னார். நம் மைனாவின் குடும்பத்துப் பறவை அது. பஞ்சு இழைகளின் நுண்ணிய கணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பறவையின் குடும்பத்தைச் சொல்லும் முறையை அவர் பல்லாண்டுகள் உழைத்து வளர்த்தார். பறவை மோதும் விமான விபத்துகளை ஆராய்வதற்கு வழி போட்டவர் அவர்தான்.

அளவு

குழலின் அடியிலிருந்து நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படத்திலும் ஸ்கேல் தெரியட்டும். வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என இரண்டு படம். ஃப்ளாஷ் வேண்டாம், நிழலான பகல் வெளிச்சம் போதும்.

சிறிய பறவைக்குப் பெரிய இறகு இருக்க முடியாது என்பதால் அளவே பல பெயர்களை வெட்டிவிடும். செங்கல் நிறச் சிறகு இறகு கிடைத்தால் நம் தோட்டங்களில் முக்கியமாக இரண்டு பேரைத்தான் நினைக்க வேண்டும். ஒரு சாணுக்குள் அடங்கினால் செம்போத்து, சில ஊர்களில் செண்பகம் என்பார்கள். ஒன்றரைச் சாண் இருந்தால் ஆண்மயிலின் சிறகு. மயிலின் சிறகுமுனை இலவங்கப்பட்டை நிறத்தில் இருக்கும் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். தோகையின் அழகு கண்ணை அங்கேயே நிறுத்திவிடுகிறது. கோவை, திருப்பூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இந்த இறகைக் கத்தைகத்தையாகக் காட்டுவார்கள்.

இப்போது நிறம்

நிறத்தைப் பார்க்கும்போது ஒரு பக்கமாகப் பார்க்காதீர்கள். மேலே வைத்துப் பாருங்கள், பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெண்மார்பு மீன்கொத்தியின் நீல இறகு ஒன்று என்னிடம் வந்தபோது இதைச் செய்து பார்த்தேன். கையில் இருக்கும்வரை பளீரென்ற நீலம். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கியதும் நீலம் அணைந்து மங்கலான பழுப்பாகிவிட்டது. இறக்கினேன், திரும்பவும் நீலம். பறவைகளின் நீலத்தில் சாயம் எதுவும் இல்லை. இழைக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலமாகத் தெரிகிறது, ஊடுருவிப் பார்த்தால் அடியிலிருக்கும் கருமைச் சாயம்தான் தெரியும். கிளியின் பச்சையும் பாதி இதே கதை. மஞ்சள் சாயத்தோடு இந்த நீலம் சேர்ந்தால் பச்சை.

நீல இறகு கிடைத்தால், இளநீலமும் அடர்நீலமும் பட்டை பட்டையாக இருந்தால் பனங்காடை. ஓரம் நீலமாகவும் உள்பக்கம் கருப்பாகவும் இருந்தால் மீன்கொத்தி. மீன்கொத்தியின் வெளிச்சிறகில் நுனி கருப்பு, அடியில் பெரிய வெள்ளைத் திட்டு. வீட்டருகே குளமே இல்லையே என்று யோசிக்க வேண்டாம். வெண்மார்பு மீன்கொத்தி பூச்சியும் ஓணானும் பிடித்துத் தின்று தோட்டத்திலேயே காலம் தள்ளும்.

பச்சை என்றால் முதலில் பச்சைக்கிளி. இறகின் உள்பக்கம் கருஞ்சாம்பலாக, வாலிறகின் அடிப்பக்கம் மஞ்சளாக இருக்கும். பச்சையோடு துருநிறம் கலந்து நுனி கருத்திருந்தால் பஞ்சுருட்டான். ஆலமரம், அத்திமரம் பக்கத்தில் கிடந்த சிறிய பச்சை இறகு என்றால் குக்குறுவானையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட பழுப்பு இறகில்தான் குழப்பம் அதிகம். நான் ஏமாந்த இடமும் அதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தரை, அதாவது இறகின் அடிநிறம் எது, கோடு எது என்று பாருங்கள். கருமையான தரையில் வெளிர்க் கோடுகள் நெருக்கமாக, பத்துக்கு மேல் ஓடினால் பெண்குயிலின் வால். வெளிறிய சாம்பல் தரையில் கருங்கோடுகள் சில மட்டும், இடைவெளி விட்டு ஓடினால் வல்லூறு. கோடு முழுசாகக் குறுக்கே ஓடாமல் வெள்ளைத் திட்டுகளாக நின்று, இறகும் சிறியதாக இருந்தால் புள்ளி ஆந்தை. ஆந்தை இறகைத் தொட்டாலே தெரியும், மேல்பக்கம் வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும். கூகையின் வெளிச்சிறகு இறகு கிடைத்தால் குறுகின ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக முள் இழைகள் நிற்கும். காற்றை மெல்லப் பிரித்து ஓசையைக் குறைக்கும் ஏற்பாடு அது. எலியின் காதுக்கே கேட்காமல் கூகை வந்து இறங்குவது இதனால்தான். புள்ளி ஆந்தையில் இந்தப் பற்கள் அவ்வளவு தெளிவாக இருக்காது.

வெள்ளை இறகு கிடைத்து, ஆனால் வெள்ளைப் பறவை எதையும் பார்த்ததில்லை என்றால் மடையானை நினையுங்கள், குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம், பறந்தால் முழுக்க வெள்ளைச் சிறகு. ஒரு முழத்துக்குள் ரிப்பன் மாதிரி நீண்ட, மெல்லிய வெள்ளை வாலிறகு கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம், ஆண் அரசவால் ஈபிடிப்பான். கருப்பில் அடிப்பகுதி மட்டும் வெள்ளையாக இருக்கும் சிறகு இறகு மைனா. கருப்புக்கு நடுவே வெள்ளைப் பட்டை போனால் கொண்டலாத்தி. காக்கை இறகைவிட நீளமான, அகலமான, பச்சை மினுமினுப்புள்ள கருப்பு வால் இறகு என்றால் திரும்பவும் செம்போத்து. சிறகு செங்கல், வால் கருப்பு, இரண்டும் ஒரே பறவை. இறகு விறைப்பாக, நுனி கூராகி, தேய்ந்து பிளந்திருந்தால் மரங்கொத்தியின் வால். மரத்தில் முட்டுக்கொடுத்து உட்காரும்போது தேய்ந்த தேய்மானம் அது.

எதிலும் அடங்காவிட்டால்

புத்தகத்தில் இல்லாத இறகு என்றால் உடனே அபூர்வப் பறவை என்று எண்ணாதீர்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். கருஞ்சாம்பலில் உருண்டை உருண்டையாக வெள்ளைப் பொட்டு வைத்த இறகு கினிக்கோழி. பளிச்சென்ற மஞ்சளிலோ வெளிர்நீலத்திலோ விரல்நீள இறகு, நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வளர்க்கிறவை கூண்டிலிருந்து தப்பியிருக்கலாம். நுனி வட்டமாக வெட்டி, அடியில் பசை ஒட்டிய வெள்ளை இறகு ஷட்டில்காக்கில் இருந்து விழுந்தது. வாத்து அல்லது தாரா இறகில் 16 சேர்த்து அதைச் செய்கிறார்கள்.

காக்கை இறகில் வெள்ளைத் திட்டு இருந்தால் வேறு இனம் கிடையாது, அந்த இடத்தில் கருமைச் சாயம் ஏறவில்லை. சில சமயம் சத்துக்குறைவாலும் இப்படி ஆகும். இறகைக் குறுக்கே பார்த்தால் கண்ணாடி மாதிரி மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால், இறகு வளர்ந்த நாட்களில் பறவை பட்டினியோ பயமோ பட்டிருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வெளிரும் அடரும் மாறிமாறி மங்கலான பட்டைகள் சில இறகுகளில் தெரியும். ஒரு வெளிர், ஒரு அடர் சேர்ந்தது ஒரு நாள் வளர்ச்சி. எண்ணிப் பாருங்கள், அந்த இறகு வளர எத்தனை நாள் ஆயிற்று என்பது தோராயமாகக் கிடைக்கும்.

இதற்கு மேலும் தெரியாவிட்டால் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பதிவு இணையதளத்தில் போடலாம். இறகை மட்டும் வைத்துப் பதிவு செய்ய அங்கே இடம் உண்டு. ஈபேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளம் உயிருள்ள பறவையைப் பார்த்ததற்கோ குரல் கேட்டதற்கோ உரியது, இறகை அதில் சேர்க்காதீர்கள். இந்தியப் பறவைகளின் சிறகையும் வாலையும் விரித்துப் படமெடுத்துத் தொகுத்திருக்கும் ஃபெதர் லைப்ரரி என்ற இணையதளம் 2021இல் தொடங்கியது. உங்கள் இறகை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி.

எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளின் இறகுகளும் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. இயற்கையாக உதிர்ந்த மயில்தோகைக்கு விலக்கு உண்டு, மற்றவற்றைச் சேர்த்து வைப்பது நல்லதில்லை. விற்பது, வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே பூங்காவில் கிடக்கும் இறகை ஞாபகத்துக்கு என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். 1918இலிருந்து இருக்கும் வலசைப் பறவைச் சட்டம் உதிர்ந்த இறகை வைத்திருப்பதைக்கூடத் தடுக்கிறது.

நான் ஒரு நோட்டு மட்டும் வைத்திருக்கிறேன். தேதி, மரம், நீளம், உடம்பில் எந்த இடம், இரண்டு படம், கடைசியில் பறவையின் பெயர். பெயர் தெரியாத இறகுக்கு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். எழுதி முடித்ததும் இறகைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது வழக்கம். எங்கள் வீட்டு ஓட்டுச் சாய்ப்பில் சிட்டுக்குருவி கூடு கட்டும் மாதங்களில், சின்ன இறகாக இருந்தால் மதில்மேல் வைப்பேன். கூட்டுக்குள் மெத்தை போட அது எடுத்துக்கொண்டு போகும்.